துரை தலையில் கட்டிவிட்டுப் போன கார்

என் கணவர் கார் வாங்கிய அன்று அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் ஓடும் நிலையிலும் இல்லை. கம்பெனி கிடங்கிலிருந்து நான்கு சுமைக்காரர்கள் பின்னால் தள்ள, அவர் மட்டும் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பஜார் ரோடு வழியாக வந்தார். மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. அதை மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். பிரேக் பிடிக்காத வண்டி என்று தள்ளுகிறவர்கள் கூவிக்கொண்டே வந்தது அவர் காதில் விழவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. மட்டாஞ்சேரியில் ஒரு வெள்ளைக்காரத் தேயிலைக் கம்பெனியில் அவர் தலைமைக் குமாஸ்தா. நான் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் சின்னப் பையன் ஒருவன், பெண் ஒருத்தி. எங்கள் இரண்டு பேர் குடும்பமும் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் நிலைத்தவை. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், ஆபீசில் அவருக்கு இங்கிலீஷ். இந்த மூன்றில் இங்கிலீஷில் சொல்லப்படுவதை மட்டும் அவர் முழுக்க நம்புவார்.

கம்பெனி மானேஜராக இருந்த துரை சீமைக்கே திரும்பிப் போகப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். சோபா போயிற்று, கட்டில்கள் போயின, நாய்க்கூடுகூடப் போயிற்று. கார் மட்டும் போகவில்லை. கடைசியில் துரை என் கணவரை அறைக்குள் கூப்பிட்டு, மேஜைமேல் சாவியை வைத்து, "இதை உனக்காகவே வைத்திருந்தேன்" என்றாராம். இவர் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, கூடவே நன்றியும் சொல்லிவிட்டு வந்தார்.

"துரை வேற ஒருத்தருக்கும் கொடுக்கலை, கேட்டியா. எனக்காக்கும் கொடுத்தார்," என்றார் அன்று சாயங்காலம்.

"வேற ஒருத்தரும் கேக்கலையே," என்றேன்.

"உனக்கு மனுஷாளோட அருமை தெரியாது."

"இரும்போட அருமை தெரியும். இது எத்தனை மழைக்காலம் வெளியில நின்னுது?"

அவர் கர்ச்சீப்பால் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

யுத்தத்துக்கு முந்தைய கார். மேலே மடக்கி விரிக்கும் கான்வாஸ் கூரை, இரண்டு பக்கமும் கால் வைத்து ஏறும் பலகை, சைக்கிள் சக்கரம்போல் கம்பி வைத்த சக்கரங்கள். முன்விளக்குகள் இரண்டும் தவளைக் கண்ணாக வெளியே துருத்திக்கொண்டு நின்றன. நிறம் ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். எங்கள் வாடகை வீட்டை ஒட்டி, வீட்டுக்காரர் முன்பு சுக்கு அடுக்கிவைத்த கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. காரை அதற்குள் தள்ளி நிறுத்தினார்கள். அன்று முதல் அந்தக் காரின் சீட்டில் யார் உட்கார்ந்து எழுந்தாலும் அவர்கள் மேல் சுக்கு வாசனை அடித்தது.

"இந்த வருஷத்து போனஸ் பணத்துக்குள்ள மொத்தத்தையும் முடிச்சுடலாம்," என்றார். அதுதான் அவர் போட்ட திட்டம். ஒரு காகிதத்தில்கூட எழுதிப் பார்க்காமல் போட்ட திட்டம்.

மேஸ்திரி வந்தார். பள்ளுருத்தியில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக் அவர். லாரிகளும் பஸ்களும் அவர் கைபட்டு ஓடிக்கொண்டிருந்தன. வந்ததும் பேச்சு ஒன்றும் இல்லாமல் காருக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"சாமி, ஒண்ணு குனிஞ்சு பாருங்க."

என் கணவர் குனிந்தார். நானும் குனிந்தேன். மேஸ்திரி ஒரு திருப்புளியை எடுத்து, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில் மெல்லக் குத்தினார். அது அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"இது இரும்பு அல்லா சாமி. பப்படம்," என்றார். "நான் ஒரு காரியம் சொல்லட்டே? எஞ்சின் நல்ல எஞ்சின். அதைக் கழட்டி வித்துடுங்க. பாக்கியை பழைய இரும்புக்காரன் கொண்டுபோகட்டும். சாமிக்கு போட்ட காசாவது திரும்பக் கிட்டும்."

ஒரு மெக்கானிக், தனக்கு வரவேண்டிய வேலையைத் தானே வேண்டாம் என்று சொன்னதை என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் கேட்டேன். அந்த ஒரு தடவையும் என் கணவர் கேட்கவில்லை.

"துரை பதினைஞ்சு வருஷம் ஓட்டின வண்டியாக்கும் இது," என்றார். "அவர் ஓட்டினதை நம்மால ஓட்ட முடியாதா?"

"துரை ஓட்டித் தீர்த்ததுதானே சாமி," என்றார் மேஸ்திரி. ஆனாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அடிச்சட்டத்துக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்ததிலேயே போனஸ் பணம் முடிந்துபோயிற்று. போனஸ் இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. வெல்டிங் சூட்டில் கதவு ஒன்று கழன்று விழுந்தபோதுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. அந்தக் காலத்துக் கார்களின் மேல்கூட்டுக்கு உள்ளே மரச்சட்டம் உண்டு. அதன்மேல்தான் தகடு போர்த்தியிருப்பார்கள். எங்கள் காரில் தகடு இருந்தது, மரம் இல்லை. கறையான் தின்றுவிட்டுத் தன் மண்ணை மரத்தின் வடிவத்திலேயே விட்டுவைத்திருந்தது. இத்தனை நாள் அந்தக் கதவைத் தாங்கி நின்றது கறையான் புற்று.

கார் மரவேலை தெரிந்தவர்கள் கொச்சியில் இல்லை. படகு கட்டுகிறவர்கள் இருந்தார்கள். படகு ஆசாரி ஒருவர் வந்து அளவெடுத்தார். அவருக்குத் தெரிந்த மரம் அயினி, தெரிந்த கனம் கடலில் அலை மோதினாலும் அசையாத கனம். இரண்டு மாதத்தில் அருமையான சட்டம் செய்து கொடுத்தார். அதைப் பொருத்தியதும் கார் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்கும் இரும்பு வில்கள் அந்தப் பாரத்தைப் பொறுக்காமல் தட்டையாகிப் போயின. வில்களைக் கோயம்புத்தூரில் புதிதாக அடித்து வாங்கினார்கள். புது வில்லின் விறைப்பில் அச்சு வளைந்தது. அச்சைக் கழற்றினபோது கியர்ப் பெட்டிக்குள் பல் உடைந்திருப்பது தெரிந்தது.

ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டுக்கு வந்து சொல்வது ஒரே வாக்கியம்தான். "இது ஒண்ணுதான் பாக்கி."

நான் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு முடிவில்லாத தொடர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் உறுப்புகள் ஒரே விகிதத்தில் போகப்போகச் சிறுத்தால் கூட்டுத்தொகை ஓர் எல்லைக்குள் நிற்கும். வீட்டில் இருந்த தொடரில் உறுப்புகள் போகப்போகப் பெருத்தன.

உதிரி பாகங்களைச் சீமையிலிருந்து வரவழைக்க அப்போது அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே எல்லாவற்றையும் லேத்தில் கடைந்தோ, மதராஸ் பழைய சாமான் கடைகளில் துழாவியோ எடுக்க வேண்டியிருந்தது. இவர் லீவு போட்டுவிட்டு ரயிலேறி மதராஸ் போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சாமானை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார். மேஸ்திரி பிரித்துப் பார்த்துவிட்டு, "இது வேற வண்டியோடது சாமி," என்பார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை கூடும். ஆபீஸில் அவரோடு வேலை செய்த மூன்று பேர் மாலை நான்கு மணிக்கு வந்து, சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நிற்கும் காரில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். முன்சீட்டில் இரண்டு பேர், பின்சீட்டில் இரண்டு பேர். நான் காபி கொண்டுபோய்க் கதவு வழியாகக் கொடுக்க வேண்டும். அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஒருவருக்கு சைக்கிளே தெரியாது. ஆனால் கார்புரேட்டரைப் பற்றி அவர்களுக்கு அபிப்பிராயம் இருந்தது.

"என்ன பர்பெக்‌ஷன் பாத்தேளா! இப்ப வர்ற வண்டியெல்லாம் தகர டப்பா," என்பார் ஒருவர், சீட்டுக்குள்ளிருந்து பிதுங்கிய தேங்காய் நாரை உள்ளே தள்ளிக்கொண்டே.

"விடப்படாது ஓய். இவ்வளவு தூரம் வந்தாச்சு," என்பார் இன்னொருவர். கட்டைமேல் நிற்கிற கார் எவ்வளவு தூரம் வந்தது என்று நான் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர்கூட ஒரு போல்ட்டுக்குக் காசு கொடுத்ததில்லை. அடுத்தவர் பணத்தில் பிடிவாதம் காட்டுவது எவ்வளவு சுலபம் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன்.

இப்படியே மூன்று வருஷம் போயிற்று. என் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு பி.ஏ. பட்டம் இருந்ததே தவிர, ஆசிரியர் பயிற்சியான பி.டி. இல்லை. அது இல்லாததால் வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி எடுத்துக்கொள்வார்களா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசலில் போய் நிற்க வேண்டும். எறணாகுளத்தில் பெண்களுக்கான பயிற்சிக் கல்லூரியில் ஒரு வருஷம் படித்தால் போதும். அந்த ஒரு வருஷம் எனக்குச் சம்பளம் வராது. அதைச் சமாளிக்கத்தான் என் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்துத் தபாலாபீஸில் போட்டுவைத்திருந்தேன். அந்தப் பாஸ்புக் இரண்டு பேர் பேரிலும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை நான் பஸ் ஏறிப் பள்ளுருத்திக்குப் போனேன். எஞ்சின் அப்போது மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. அவர் ஒரு பழைய பாயை விரித்து, எஞ்சினின் உள்ளுறுப்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"டீச்சர் எந்துக்கு இவ்வளவு தூரம்? சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே."

"இந்த வேலையை நிறுத்தணும்னு சொல்ல வந்தேன்," என்றேன். "அவர் நிறுத்த மாட்டார். நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா அவருக்கு வேற வழி இல்லை."

அவர் கையிலிருந்த பிஸ்டனைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முதல் நாளே நான் சொன்னேன் டீச்சரே. இப்ப எனக்குச் சொல்ல ஒக்காது."

"ஏன்?"

"எட்டு மாசமா நான் சாமிகிட்ட கூலி வாங்கலை. சாமானுக்கு மாத்திரம் காசு. என் வீட்டுக்காரியும் டீச்சர் மாதிரித்தான் சண்டை போடுறா." கொஞ்சம் வெட்கப்பட்டார். "இந்த எஞ்சினை ஒரு தடவை ஓட்டிக் கேக்கணும். இத்தனை நாள் செஞ்சதை இப்ப விட்டா எல்லாம் வெறுதே போயிடும்."

"போனது போயாச்சு மேஸ்திரி. இனிமே போடறதுதான் நம்ம கையில இருக்கு. அதைப் போடாம இருந்தா அதாவது மிச்சம்."

"கணக்குக்கு அது சரி," என்றார்.

ஒரு பைத்தியத்தைத் தடுக்கப் போய் இரண்டாவது பைத்தியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆனால் கூலி வாங்காமல் உழைக்கிற ஆளை எந்த வார்த்தை சொல்லித் திட்டுவது?

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ஆபீஸுக்குச் செய்தி வந்தது. பழைய துரை எங்கேயோ போகிற வழியில் கப்பலில் கொச்சிக்கு வருகிறார். இரண்டு நாள் இருப்பார். இன்னும் ஆறு வாரம் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்த என் கணவரின் முகத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"துறைமுகத்துல போய் இந்தக் கார்லயே அவரைக் கூட்டிண்டு வரணும்," என்றார்.

எஞ்சின் முடிந்திருந்தது. டயர், பாட்டரி, கான்வாஸ் கூரை, பெயிண்ட், சீட்டுக்குத் தோல் ஆகியவை பாக்கி. மறுநாள் காலையில் நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் பாஸ்புக்கைக் கொண்டுவந்து பேப்பர் கட்டின்மேல் வைத்தார்.

"இதுலேந்தா?" என்றேன்.

"அவர் ஒரு தடவை இதைப் பாக்கணும். அவ்வளவுதான். அப்பறம் நீ வித்துக்கோ, என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

"நான் ஜூன்ல காலேஜுக்குப் போகணும்னு உங்களுக்குத் தெரியுமோன்னோ?"

"அடுத்த ஜூன்," என்றார். கெஞ்சுகிற குரலில் சொன்னார். அதட்டியிருந்தால் பாஸ்புக்கைத் தூக்கி எறிந்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டேன். இதை மறைக்கிறதற்கு இல்லை. இத்தனை வருஷம் அவரை ஏளனம் செய்தவள், சபைக்காரர்களைப் பரிகாசம் செய்தவள், மேஸ்திரிக்குப் பாடம் நடத்தப் போனவள், மார்க் போட்டுக்கொண்டிருந்த சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீல மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இது முடிந்தால் போதும் என்ற அலுப்பு ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: அந்தக் கார் ஓடுமா என்று பார்க்க எனக்கும் ஆசை வந்திருந்தது.

கார் ஓடியது. அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். கப்பல் வந்த அன்று காலை மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, முன்னால் கம்பியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு, தையல் மிஷின்போல் சீராகச் சத்தம் போட்டது. மேஸ்திரி கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மதி," என்றார். போதும் என்று அர்த்தம். அவருக்கு அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது.

என் கணவர் இதற்குள் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தார். மேஸ்திரி கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில். தோப்பும்படிப் பாலத்தில் ஏறியபோது காயல் காற்று முகத்தில் அடித்தது. மீன் கூடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். துறைமுகத்து கேட்டில் நின்ற காவற்காரன் சல்யூட் அடித்தான். நான் தலையை லேசாக அசைத்து அதை ஏற்றுக்கொண்டேன். யாரோ ஜமீன்தார் வீட்டு அம்மாள்போல! பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு நடுவில் கையில் சாக்பீஸ் தூளோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவள் நான். அந்தக் கால் மணி நேரத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

துரை வந்தார். வயதாகித் தடித்திருந்தார். கம்பெனியின் அப்போதைய மானேஜர் வரவேற்க வந்திருந்தார். பம்பாயிலிருந்து வந்த நம் நாட்டுக்காரர். என் கணவர் அவரையும் தாண்டிப் போய்க் கைநீட்டினார். துரை கையைப் பிடித்துக் குலுக்கி, சந்தோஷமாக ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது என் கணவரின் பெயர் இல்லை. ஆபீஸில் முன்பு இருந்து ஓய்வுபெற்ற இன்னொரு குமாஸ்தாவின் பெயர். என் கணவர் திருத்தவில்லை. காரின் பக்கம் கையைக் காட்டினார்.

"அட, அழகான பழைய வண்டி," என்றார் துரை இங்கிலீஷில். "யாருடையது?"

"உங்களுடையதுதான் சார்."

துரை விழித்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"அந்தச் சனியனா? அடக் கடவுளே! அதை அந்த வாரமே உடைத்து இரும்புக்குப் போட்டிருப்பாய் என்றல்லவா நினைத்தேன். நானே அதைச் சூதாட்டத்தில் ஜெயித்தேன். ஒரு நாளும் எனக்குப் பிடித்ததில்லை." முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டினார். மானேஜர் பக்கம் திரும்பி, "உங்கள் குமாஸ்தாக்கள் பெரிய பணக்காரர்களாகிவிட்டார்கள் போலிருக்கிறதே! நான் இருந்தபோது இவ்வளவு சம்பளம் கொடுத்ததாக நினைவில்லை," என்றார்.

மானேஜரும் சிரித்தார். பிறகு துரை கம்பெனியின் புதுக் காரில் ஏறிப் போய்விட்டார். எங்கள் காரில் அவர் உட்காரக்கூட இல்லை.

திரும்பி வரும்போது எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்றிருந்தாலாவது பேச ஏதாவது இருந்திருக்கும்.

விஷயம் அதோடு முடியவில்லை. துரை வேடிக்கையாகச் சொன்னதை மானேஜர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே, குமாஸ்தா சம்பளத்தில் இப்படியொரு காரைப் புதுப்பிக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்கம் கேட்டு ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஏலத்துக்குப் போகும் தேயிலைப் பெட்டிகள் எல்லாம் இவர் கையெழுத்தில்தான் போய்வந்தன. இருபது வருஷத்தில் ஒரு பொட்டலம் தேயிலைகூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய காபிதான். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சமையலறை வாசலில் நின்றார்.

"என்னைத் திருடன்னு நினைக்கறா," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை கூடவில்லை. அடுத்ததிலும் கூடவில்லை. மூன்று பேரும் ஆபீஸில் இவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். ஐந்து வருஷம் என் காபியைக் குடித்துக்கொண்டு அந்த சீட்டில் உட்கார்ந்தவர்களில் ஒருவராவது மானேஜரிடம் போய், செலவெல்லாம் எப்படி நடந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் பேச்சை எடுத்தாலே இப்போதும் எனக்கு வாய் கசக்கும்.

நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காலியான பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன். வழியிலேயே மேஸ்திரி எதிரில் வந்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார், அவரும் அங்கேதான் புறப்பட்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து மானேஜர் அறைக்குள் போனோம். என் கணவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். "சாமி கடைசியா எனக்குத் தந்தது முக்கால்வாசி டீச்சரோட காசு. என் கூலி இன்னும் பாக்கி. கள்ளக் காசு உள்ள ஆளு கூலியை எந்துக்கு பாக்கி வைக்குது?"

மானேஜருக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. நான் பாஸ்புக்கை மேஜைமேல் வைத்து இங்கிலீஷில் சொன்னேன்: "சார், திருடுவதற்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேண்டும். அந்தச் சாமர்த்தியம் இருக்கிறவர் இந்தக் காரை வாங்கியிருக்க மாட்டார்."

பிறகு மானேஜர் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். காகிதத்தையும் வாங்கிக் கிழித்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஜாதி மனிதர்கள் கேட்பதில்லை.

படியிறங்கும்போது என் கணவர் சொன்னார்: "அவ்வளவு மோசமாச் சொல்லணுமா?"

"வேலை மிஞ்சித்தா இல்லையா?"

"மிஞ்சித்து," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீ வித்துடு," என்றார்.

மேஸ்திரியே ஆளைப் பிடித்து வந்தார். வைப்பினில் சரக்குப் படகு வைத்திருந்த ஒருவர். அவருக்குப் படகில் பொருத்த நல்ல எஞ்சின் வேண்டியிருந்தது. ஓட்டிக் கேட்டதும் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார். வந்த பணத்தில் முதலில் மேஸ்திரியின் கூலியைக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். "உங்க வீட்டம்மாகிட்ட நானே வந்து கொடுக்கட்டுமா?" என்றதும் வாங்கிக்கொண்டார். அயினிச் சட்டங்களை யாரோ ஜன்னல் நிலைக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். தகடுகளும் பட்டைகளும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கைவண்டி வந்து ஏற்றிக்கொண்டு போன அன்று என் கணவர் ஆபீஸிலிருந்து வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். கொட்டகைப் பக்கம் திரும்பாமல் உள்ளே வந்து கால் கழுவினார்.

மீதிப் பணம் ஒரு வருஷத்துக்குப் போதாது. ஆனாலும் அடுத்த ஜூனில் நான் கல்லூரியில் சேர்ந்தேன். அது அவர் செய்த காரியம். கம்பெனியில் கடன் போட்டு வாங்கி, என்னைக் கேட்காமலே கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தார். காலையில் ஏழரை மணிப் படகில் நான் எறணாகுளம் போவேன். அதற்கு முன்னால் அவர் எழுந்து சமைப்பார். சாம்பாரில் புளி கரைக்க அவருக்குக் கடைசிவரை கை வரவில்லை. பையனும் பெண்ணும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். பாஸாகி, வேலை நிரந்தரமாகி, நான் ரிட்டையராகும்போது ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தேன்.

அவர் ரிட்டையரான பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் கார் கதையைச் சொல்வார். அவர் சொல்லும் கதையில் கார் பாலத்தில் பறக்கும். துறைமுகத்தில் துரை காரைத் தட்டிக்கொடுத்து அழகு என்று இங்கிலீஷில் சொல்வார். இரண்டும் நடந்தவைதான். நான் எதுவும் பேசாமல் இருந்துவிடுவேன். ஒரே ஒரு தடவை, எங்கள் மாப்பிள்ளையின் வீட்டார் வந்திருந்தபோது, "துரை என்னைக் கண்டதும் அப்படியே கட்டிப்பிடிச்சுண்டுட்டார்," என்று அவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இவர் பேரே துரைக்குத் தெரியலை," என்றேன்.

வந்தவர்கள் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை என் முன்னால் அவர் சொன்னதே இல்லை. நான் சொன்னது உண்மை. சொல்லியிருக்க வேண்டாம்.